கல் போர்த்திய பனியாறா, வெள்ளைப் பனியாறா? கொங்கு நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ஒரு மாதத்துக்குள் மூன்று இடத்திலிருந்து ஒரே கேள்வி வந்தது. திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் நான்கு நண்பர்கள். வருசம் தவறாமல் வெள்ளியங்கிரி ஏறுகிறவர்கள். கோபியில் பணி ஓய்வு பெற்ற ஆசிரியத் தம்பதி. பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், பிளஸ் டூ முடித்த மகளோடு. திருப்பூர்க்காரர் போனில் கேட்டது இது: "ஒரு கிளேசியரையாவது கண்ணுல பாத்துப்போடோணுங்ணா. எங்க போலாம்?"

இவர்கள் மூவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. இமயமலைப் பனியாறுகளில் (கிளேசியர்களில்) இரண்டு சாதி உண்டு: கல் போர்த்தியது ஒன்று, வெள்ளையாகவே தெரிவது இன்னொன்று. நாலைந்து வருசத்துக்கு முன் நான் கோபி, பெருந்துறைப் பக்கத்து ஆட்கள் ஒரு பத்துப் பேரோடு கங்கோத்ரிப் பனியாற்றின் முனையான கோமுகம் போயிருந்தேன். அங்கே நின்றபடி ஒரு பெரியவர் சொன்னார்: "இதுக்காங்கண்ணு இத்தன தூரம் வந்தோம்? நம்மூரு பாறைக்குழி மாதிரியே இருக்குது." அவர் மேல் தப்பில்லை. நாட்காட்டிப் படத்தில் பார்த்த வெள்ளையைத் தேடி வந்தவர், எதிரே சாம்பல் நிறத்தில் கல்லும் மண்ணும் குவிந்து கிடப்பதைப் பார்த்தார். அந்தக் கல்லுக்கு அடியில் இருந்ததுதான் பனியாறு என்று அவருக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

எதை வைத்து முடிவு செய்வது

ஐந்து விஷயம் பார்த்தால் போதும். போன இடத்தில் பனிக்கட்டி கண்ணுக்குத் தெரியுமா, அதன்மேல் கல் செய்யும் வேலை தெரியுமா என்பது ஒன்று. அடுத்தது உயரம்: நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், கீழே சொல்லப்போகும் மலைப் பயணங்கள் எல்லாம் அதைவிட மிக உயரத்துக்குப் போகின்றன. மூன்றாவது, கோவையில் ஏறித் திரும்பக் கோவையில் இறங்கும்வரை எத்தனை நாள். நான்காவது, பேக்கேஜ் விலையில் எழுதாத செலவு. ஐந்தாவது, ஆபத்து.

மற்ற நான்கையும் காசு, லீவு, உடம்பு இவற்றால் ஒருவாறு சமாளிக்கலாம். "இதுக்காங்கண்ணு வந்தோம்" என்ற ஏமாற்றத்தை எதாலும் சமாளிக்க முடியாது. அதனால் முதல் விஷயத்துக்குத்தான் நான் அதிக மார்க் போடுவேன்.

கல்லின் கணக்கு

பத்திரிகைகள் 'பனிப்பாறை' என்று எழுதுகின்றன. பாறை நகராது, இது நகரும், ஆகவே பனியாறு. மேலே விழும் பனி வருசக்கணக்கில் அமுங்கிக் கட்டியாகித் தன் எடையிலேயே மெல்லக் கீழே வழிகிறது. இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் கல் உருண்டு அதன்மேல் விழும், உள்ளேயும் புதையும். கீழே வர வரப் பனி உருகிப் போய்விடும், கல் போகாது. அதனால்தான் பெரிய இமயமலைப் பனியாறுகள் பலவற்றின் கடைசி சில கிலோமீட்டர் கல்லுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

இந்தக் கல் பனியைக் காப்பாற்றுமா, உருக்குமா? இரண்டும் செய்யும். எவ்வளவு கனம் என்பதைப் பொறுத்தது. பொள்ளாச்சி அண்ணனுக்கு இதைச் சொல்ல எனக்கு ஒரு நிமிடம்தான் ஆனது, ஏனென்றால் அவர் தோப்பில் மூடாக்கு போடுகிறவர். மட்டையும் சருகும் ஒரு சாண் கனத்துக்குக் கிடந்தால் வெயில் மண்ணைத் தொடாது. பனியாற்றில் கல் அப்படிக் கனமாகக் கிடந்தால், பகல் சூடு அடிவரை இறங்குவதற்குள் ராத்திரி வந்துவிடும். அரை மீட்டர், ஒரு மீட்டர் கனம் என்றால் அடியில் உருகுவது மிகவும் குறைந்துவிடும். ஆனால் தூசியும் பொடிக்கல்லும் லேசாகத் தூவினாற்போல் கிடந்தால் கதை மாறும். வெறும் பனி திருப்பி அனுப்பியிருக்கும் வெயிலை அந்தக் கறுப்பு உறிஞ்சி அப்படியே கீழே கொடுத்துவிடும். ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தால் வெறும் பனியைவிட வேகமாக உருகும். சில சென்டிமீட்டரைத் தாண்டினால் குறையத் தொடங்கும். இந்தக் கணக்கை ஸ்வீடன் பனியாறு ஒன்றில் அளந்து 1959-ல் வெளியிட்டவர் குன்னர் ஓஸ்ட்ரெம். கல்லின் கனத்துக்கும் உருகலுக்கும் உள்ள உறவைக் காட்டும் வளைகோட்டுக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அப்படியானால் கனமாகக் கல் போர்த்திய பனியாறு பத்திரம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மொத்தப் பனியாற்றையும் செயற்கைக்கோளிலிருந்து அளந்தபோது, கல் போர்த்தியவையும் பல இடங்களில் வெள்ளைப் பனியாறுகளுக்குச் சமமாகவே மெலிந்துகொண்டிருந்தன. ஒரு காரணம், போர்வையில் கிழிசல்கள். கல் சரிந்து விழுந்த இடத்தில் பனிச் சுவர் வெளியே தெரியும். பக்கத்தில் குட்டை கட்டும். சுவரும் குட்டையும் சேர்ந்து சுற்றியுள்ள பனியைத் தின்னும். இன்னொரு காரணம், மேலிருந்து வரும் வரத்து குறைந்துவிட்டது. கல் கனமாக இருக்கும் கீழ்முனை உருகாமல் நிற்க, அதற்குச் சற்று மேலே, கல் மெலிந்த இடம் உருகித் தாழ்கிறது. சரிவு குறைகிறது, ஓட்டம் தளர்கிறது, கடைசியில் கீழ்ப்பகுதி நகராமல் படுத்துவிடுகிறது. முகம் மாறாமல் வயிறு மட்டும் ஒட்டிப்போகும் கிழவர் மாதிரி. "முனை பின்வாங்கவில்லை, ஆகவே பனியாறு நலம்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கோமுகம்: கல் போர்த்தியது, நடந்து போய்ப் பார்ப்பது

கங்கோத்ரிப் பனியாறு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளம். அதன் முனைதான் கோமுகம், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில். கங்கோத்ரி ஊரிலிருந்து (3,100 மீட்டர் அளவில்) 14 கிலோமீட்டர் நடந்தால் போஜ்பாசா, இரவு தங்கல், மறுநாள் இன்னும் 4 கிலோமீட்டர். வெள்ளியங்கிரி மாதிரி செங்குத்தான படிகள் கிடையாது. கால் வலிக்காது, மூச்சுதான் வாங்கும். திருப்பூர்க் கோஷ்டி இதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்: ஏழு மலையை ஒரே ராத்திரியில் ஏறி இறங்கின தெம்பு இங்கே உதவாது. வேகமாகப் போகிறவனுக்குத்தான் முதலில் தலை வலிக்கும்.

பார்க்க என்ன இருக்கிறது? கல் போர்வை ஒரு சுவராக அறுந்து நிற்கும் இடம். மேலே பழுப்பில் கல்லடுக்கு, அதற்கடியில் அழுக்கு நீலத்தில் பனி, அடிவாயிலிருந்து பாகீரதி ஆறு. காலை பத்து மணிக்கு மேல் வெயில் ஏறியதும் காதைக் கொடுத்துக் கேளுங்கள். முதலில் பொடிக்கல் சரசரவென்று சரியும், பிறகு ஒரு பெரிய கல் 'டொம்' என்று விழும், விழுந்த இடத்தில் ஈரம் மினுங்கும். கல் தாங்கி நின்ற பனி உருகுவதைக் காதாலேயே கேட்கலாம். தண்ணீர் சாம்பல் கலந்த பால் நிறம். எங்களோடு வந்த திருப்பூர்ப் பையன் ஒருவன் "இங்கயும் சாயப்பட்டறை இருக்குதுங்களா?" என்றான். அது பனியாறு பாறையை அரைத்த மாவு.

1935 முதல் 1996 வரையிலான அளவீட்டில் இந்த முனை ஆண்டுக்குச் சராசரியாக 19 மீட்டர் அளவில் பின்வாங்கியிருக்கிறது. கல் போர்த்தியதாலேயே ஒரு பனியாறு அசையாமல் நிற்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு இது பதில்.

எழுதாத செலவு: நாளொன்றுக்கு 150 பேருக்குத்தான் வனத்துறை அனுமதி. எங்கள் முறை, ஏற்பாடு செய்தவர் "எல்லாம் ரெடி" என்று சொல்லி அனுமதி வாங்காமலே விட்டிருந்தார். ஒரு முழு நாள் உத்தரகாசியில் டீக் குடித்தே கழிந்தது, பத்துப் பேருக்கும் அறை வாடகை எங்கள் தலையில். அனுமதிச் சீட்டை நீங்களே கண்ணால் பார்க்காமல் பாக்கித் தொகையைக் கொடுக்காதீர்கள். ரிஷிகேசத்திலிருந்து கங்கோத்ரி 250 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, இரண்டு நாள் வையுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போகவே வேண்டாம்; 2025 ஆகஸ்ட் 5-ல் இதே பாதையில் உள்ள தராலி ஊரைச் சேற்று வெள்ளம் மூடியது. மே கடைசி, ஜூன் முதல் பாதி, அல்லது செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை.

நாள்: ரயில் என்றால் நம்மூர்ப் பெயரிலேயே ஓடும் கொங்கு எக்ஸ்பிரஸில் டெல்லி நிஜாமுதீன் போகலாம். ஆனால் போக வர அதற்கே நாலைந்து நாள் கழியும், மொத்தம் 12 நாள். விமானம் என்றால் 8, 9 நாள்.

திராங் துருங்: வெள்ளை, வண்டியில் இருந்தே தெரிவது

லடாக்கின் ஜன்ஸ்கார் பகுதி. கார்கிலிலிருந்து பதும் போகும் சாலையில் 4,400 மீட்டர் உயரத்தில் பென்சி லா கணவாய். வண்டியை ஓரங்கட்டி இறங்கினால் எதிரே 20 கிலோமீட்டருக்கு மேல் நீளமான வெள்ளை ஆறு வளைந்து இறங்குவது முழுசாகத் தெரியும். ஒரு பனியாறு 'ஆறு' என்பதை ஒரே பார்வையில் புரியவைக்கும் இடம் எனக்குத் தெரிந்து இந்தியச் சாலையோரத்தில் வேறு இல்லை. வெள்ளை நடுவே கறுப்பாக நீளும் கோடுகளைக் கவனியுங்கள். கிளை ஆறுகள் வந்து சேர்ந்த இடத்தில் இரண்டின் ஓரக்கல்லும் ஒன்றாகி நடுவில் ஓடுவது அது. கல் போர்வை உருவாவதன் முதல் அத்தியாயம் அங்கே எழுதிக்கிடக்கிறது.

நடக்கத் தேவையில்லை என்பதே இதன் ஆபத்தும். சிரமம் இல்லாமல் 4,400 மீட்டருக்குப் போய்விடுவதால் உடம்புக்குப் பழகிக்கொள்ள நேரம் கிடைக்காது. லே வரை விமானத்தில் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையிலேயே கிடக்கவேண்டும். அந்த இரண்டு நாள் வாடகை, சாப்பாடு யாருடைய விளம்பரத்திலும் இருக்காது. நம் பிரீபெய்டு சிம் அங்கே எடுக்காது, போஸ்ட்பெய்டு வேண்டும். கோபி டீச்சரம்மாவுக்கு ரத்த அழுத்தம் உண்டு. டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

எவரெஸ்ட் அடிவார முகாம்: கல் மேலேயே நடப்பது

நேபாளத்தின் லுக்லாவில் (2,860 மீட்டர்) விமானத்தில் இறங்கி 5,364 மீட்டர் வரை நடை, 12 முதல் 14 நாள். அடிவார முகாம் நிற்பதே கும்பு பனியாற்றின் முதுகில்தான். கூடாரத்துக்கு அடியில் கல், கல்லுக்கு அடியில் பனி. உருகல் காரணமாக முகாமை இடம் மாற்ற யோசிப்பதாக நேபாளம் 2022-ல் அறிவித்தது.

கல்லின் வேலையை முழுசாகப் பார்க்க இதற்கு ஈடு கிடையாது. பெரிய தட்டைக்கல் ஒன்று தன் நிழலில் பனியைக் காப்பாற்ற, சுற்றியுள்ளது உருகிப் போக, கல் ஒரு பனிக்காலின் மேல் மேசை மாதிரி நிற்கும். குட்டைகளும் பனிச் சுவர்களும் வழி நெடுக. இப்படிக் குட்டைகள் சேர்ந்து பெருத்ததுதான் பக்கத்துப் பள்ளத்தாக்கின் இம்ஜா ஏரி. உடைந்துவிடுமோ என்ற பயத்தில் 2016-ல் வாய்க்கால் வெட்டி அதன் நீர்மட்டத்தை 3 மீட்டருக்கு மேல் இறக்கினார்கள்.

செலவைப் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன்: அதிகம். சீசனில் லுக்லா விமானம் காத்மாண்டுவுக்குப் பதில் பல மணி நேரப் பயணத்தில் உள்ள ராமேச்சாப்பிலிருந்து கிளம்பும்; மேகம் வந்தால் இரண்டு நாளும் காத்திருக்க நேரும். ஹெலிகாப்டர் மீட்புக்கான காப்பீடு இல்லாமல் போவது முட்டாள்தனம். மேலே காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன் நம்மூரில் கிடைப்பதில் ஏறக்குறையப் பாதி.

சிக்ரி இரட்டை: ஆராய்ச்சி ஆசை உள்ளவர்களுக்கு

இமாச்சலத்தின் சந்திரா பள்ளத்தாக்கில் படா சிக்ரியும் சோட்டா சிக்ரியும் அடுத்தடுத்து இருக்கின்றன. கல் போர்த்திய பனியாற்றைத்தான் உள்ளூரில் 'சிக்ரி' என்கிறார்கள். படா சிக்ரி பெயருக்கேற்பக் கீழ்ப்பகுதி முழுக்கக் கல். சோட்டா சிக்ரியோ பெரும்பாலும் வெள்ளை, 9 கிலோமீட்டர் நீளம்; 2002 முதல் வருசாவருசம் அதன் பனி வரவு செலவை நேரில் அளந்துவருகிறார்கள். ஒரே பள்ளத்தாக்கு, ஒரே வானிலை, இரண்டு விதப் பனியாறு என்பதால் ஒப்பிட அருமையான இடம். ஆனால் கூடாரம், நதி கடத்தல், அனுபவப்பட்ட வழிகாட்டி எல்லாம் வேண்டும். முதல் பயணத்துக்கு இது வேண்டாம்.

வாசலில் ஐஸ் பார்: போகாமலே பார்ப்பது

சிரிக்காதீர்கள். நான் பனியாற்றைப் புரிந்துகொண்டது பாதி கோமுகத்தில், மீதி என் வீட்டு வாசலில்.

மீன் கடைக்கு ஐஸ் போடும் கம்பெனியில் ஒரு பார் வாங்கி மூன்றாக அறுத்தேன். ஒன்று வெறுமனே. இரண்டாவது மேல் கிரஷர் பொடியை மாவு சலித்தாற்போல் தூவினேன். மூன்றாவது மேல் எம்-சாண்டும் முக்கால் இஞ்ச் ஜல்லியும் கலந்து நாலு விரல் கனம். ஏப்ரல் வெயில். முதல் தடவை மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றாகவே கரைந்து என் மானத்தை வாங்கின, ஏனென்றால் பக்கவாட்டை மூட மறந்திருந்தேன். அனல் காற்று நாலு பக்கமும் தின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு தெர்மாகோல் பெட்டிக்குள் இறக்கி, மேல்பக்கத்தை மட்டும் வெயிலுக்குக் காட்டினேன். பொடி தூவியது முதலில் குழிந்தது. வெறும் ஐஸ் அடுத்து. ஜல்லி போட்டது சாயங்காலம் தோண்டிப் பார்த்தபோதும் அடியில் கெட்டியாக இருந்தது.

ஆனால் நான் எதிர்பார்க்காத ஒன்று ஜல்லிப் பெட்டியின் ஓரத்தில் நடந்தது. ஒரு மூலையில் தெர்மாகோல் விலகி வெயில் பட்டது. அங்கே ஐஸ் கொஞ்சம் இறங்க, மேலிருந்த கல் சரிந்தது. கல் போன இடத்தில் சேறு வழிந்த கறுப்புச் சுவர் ஒன்று, அரை சாண் உயரம். அந்தச் சுவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே பின்வாங்கியது. பின்வாங்க பின்வாங்க மேலிருந்த கல்லும் விழுந்துகொண்டே இருந்தது. கீழே தேங்கின வெதுவெதுத் தண்ணீர் அடியை அரித்தது. கோமுகத்தில் காதால் கேட்டதும் கும்புவில் வழி நெடுகப் பார்க்கிறதும் இதுதான். பெட்டியின் மற்ற மூன்று மூலையும் பத்திரமாக இருந்தன, சேதம் முழுக்க இந்த ஒரு மூலையில்தான்.

எழுதாத செலவு: வாசல் முழுக்கச் சேறு, வீட்டில் திட்டு.

| | கோமுகம் | திராங் துருங் | எவரெஸ்ட் முகாம் | வாசல் ஐஸ் |
|---|---|---|---|---|
| மேற்பரப்பு | கல் | பெரும்பாலும் வெள்ளை | கல் | நீங்கள் போடுவது |
| அதிக உயரம் | 4,000 மீ. | 4,400 மீ. | 5,364 மீ. | உங்கள் வாசல் |
| நடை | போக வர 36 கி.மீ. | இல்லை | 12–14 நாள் | இல்லை |
| மொத்த நாள் | 8–12 | 9–10 | 18-க்கு மேல் | ஒரு ஞாயிறு |
| மறைந்த செலவு | அனுமதி, காத்திருப்பு | உடம்பு பழகும் நாட்கள் | விமானத் தாமதம், காப்பீடு | சேறு |
| ஏமாற்றம் வருமா | முன்கூட்டித் தெரியாவிட்டால் வரும் | வராது | 'முகாம்' என்ற பெயரை நம்பிப் போனால் வரும் | வராது |

யாருக்கு எது

திருப்பூர் நண்பர்களுக்குக் கோமுகம். எவரெஸ்ட் முகாம்தான் அவர்கள் ஆசை. ஆனால் 4,000 மீட்டரில் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாமல் 5,300-க்குப் பணம் கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. கோமுகம் ஒத்துக்கொண்டால் அடுத்த வருசம் கும்பு. ஒரே நிபந்தனை: போஜ்பாசாவில் அவசரப்படாமல் ஒரு ராத்திரி தங்கவேண்டும்.

பொள்ளாச்சி அண்ணனுக்கும் மகளுக்கும் முதலில் திராங் துருங் என்றுதான் சொன்னேன். அந்தப் பெண் கல்லூரியில் புவியியல் எடுக்கப்போகிறாள் என்று தெரிந்ததும் மாற்றிக்கொண்டேன்: மே மாதம் தோப்பிலேயே ஐஸ் பார் சோதனை, ஜல்லியோடு மூடாக்கையும் ஒரு பெட்டியில் போட்டு, செப்டம்பர் கடைசியில் கோமுகம். வெள்ளை அழகைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். "மட்டை போட்ட பெட்டிதானுங்க கடைசி வரைக்கும் நிக்கும், பந்தயமா?" என்றார் அண்ணன். பந்தயம் கட்டவில்லை. அவர் ஜெயித்தாலும் ஆச்சரியமில்லை.

கோபித் தம்பதிக்கு, டாக்டர் சரி என்றால் திராங் துருங்; லேவுக்குப் பறக்காமல் ஸ்ரீநகர், கார்கில் வழியாகச் சாலையில் மெல்ல ஏறிப் போகவேண்டும், கார்கிலில் இரண்டு ராத்திரி. டாக்டர் வேண்டாம் என்றால் வாசல்தான். இதைச் சொல்லி முடித்ததும் டீச்சரம்மா போனில் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "ஐஸ் பார் காலைல எத்தன மணிக்குப் போனா கெடைக்கும் தம்பி?"

அஞ்சு மணிக்கே போயிருங்கம்மா, சாக்கும் கையோட எடுத்துட்டுப் போங்க என்றேன்.